கையைப் பிடித்தலும் கையைக் கட்டுதலும்

(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கோணேசப் பெருமானின் சந்நிதியிலிருந்து வந்து ஆசியுரை வழங்கிய சிவாசாரியார் அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாது மூதூரிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் இடமிருந்தும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பழைய வைத்தியசாலைத் தோழர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் தமது தலைமையுரையில் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதி அவருடைய பெருந்தன்மை, மீதி என்னுடைய வயது. பொன்னாடை போர்த்திய வர்த்தக சங்கத்தாருக்கு நன்றி. இந்த வெக்கையில் அதை மடித்து மேசையில் வைத்துவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

நான்கு விடயங்களைப் பேச எண்ணுகிறேன். தன்னுயிரைத் தானே மாய்ப்பதைப் பற்றி நம் மரபும் சமயங்களும் கொண்டிருந்த கருத்து, சட்டம் அதை நடத்திய விதம், ஒருவருடைய நடத்தையைக் கட்டுப்படுத்த மருத்துவம் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது, தீராத நோயாளி இறப்பதற்கு வைத்தியர் உதவலாமா என்பது. நான்கையும் நான் ஒரே பழமொழியால் அளக்கப்போகிறேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்: பதறாத காரியம் சிதறாது. மருந்து வழங்கும் யன்னலுக்குப் பின்னால் மருந்தாளனாக நின்ற காலத்திலேயே அது என் வாயில் ஒட்டிக்கொண்டது.

மரபை எடுத்துக்கொண்டால், அது ஒரே குரலில் பேசவில்லை. மயிர் நீப்பின் உயிர் வாழாத கவரிமாவை மானத்துக்கு உவமையாக்கினார் வள்ளுவர். சிறையில் கேட்ட தண்ணீர் காலந்தாழ்ந்து வந்ததற்காக அதைப் பருகாமல் உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையையும், வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து, உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனையும் புறநானூறு போற்றுகிறது. மறுபுறம், உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்று திருக்குர்ஆன் நேரடியாகவே விலக்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் அதைப் பெரும்பாவம் என்றே கொண்டது. மேற்கில் இம்மானுவேல் கான்ட் அதைத் தனக்குத் தானே செய்யும் கடமை மீறல் என்றார். டேவிட் ஹியூமோ அதில் குற்றம் எதுவுமில்லை என்று வாதாடினார், ஆனால் அந்தக் கட்டுரை அவருடைய பெயரோடு வெளிவந்தது அவர் இறந்த பின்னர்தான். மன்னர்களின் மானத்தைப் பற்றிய பாட்டுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நான் வைத்தியசாலையில் கண்டவர்களில் ஒருவரும் வடக்கிருக்கவில்லை. அவர்கள் பின்னேரம் சண்டை பிடித்து, இரவு விடிவதற்குள் நம்மிடம் கொண்டுவரப்பட்டவர்கள். விழித்தவுடன் அவர்களில் பலர் கேட்ட முதற் கேள்வி, தாங்கள் பிழைப்போமா என்பதே.

நம் ஊருக்கே உரிய ஒரு கதையும் உண்டு. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஒரு தூணைக் காட்டி, 1687இல் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண் காதல் தோல்வியால் அங்கே உயிர் விட்டாள் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் காலப் பதிவுகளைப் பார்த்தவர்கள், அப்பெண் அதன் பின்னரும் உயிரோடிருந்து மணமுடித்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். இறந்தாள் என்ற கதைக்குத் தூண் இருக்கிறது. வாழ்ந்தாள் என்ற செய்திக்கு ஒரு பலகைகூட இல்லை. வழிகாட்டிகளாக வேலை செய்யும் தம்பிமார் இனிமேல் இரண்டாவது கதையையும் சேர்த்துச் சொன்னால் நான் மகிழ்வேன்.

இப்போது தம்பலகாமத்துக்கு வருவோம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, நல்ல உழைப்பாளி, வாய்க்கால் தண்ணீர் விடயத்தில் மச்சானோடு பேச்சு முற்றி, பலர் முன்னிலையில் அவமானப்பட்டு, ஒரு நாள் பொழுதுபடும் நேரத்தில், பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். ஊரெல்லாம் அவரை நானா என்றுதான் அழைக்கும். நானா ஆளைப் பார்த்தார், வெளியே வயலையும் பார்த்தார். வெட்டு முடிந்து வெறும் ஒட்டுத்தாள் கிடக்கிற வயலுக்கு இந்த மனிசன் எதை அடிக்கப் போகிறார்? ஒன்றும் கேட்கவில்லை. நீட்டிய ஐயாயிரம் ரூபாய்த் தாளை வாங்கி, "மிச்சக்காசு இல்லை அண்ணன், பெடியன் மாத்திக்கொண்டு வருவான், இருங்க" என்று கதிரையைக் காட்டினார். பெடியனிடம் கண்ணால் சாடை காட்டினார். போய் அண்ணனின் மருமகனைக் கூட்டிவா என்பது அதன் பொருள். பெடியனுக்கு அந்தச் சாடை விளங்கவில்லை. அவன் உண்மையாகவே காசை மாற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வந்து நின்றான்!

(சபையில் சிரிப்பு.)

நானா விடுவாரா? தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்று கிழிந்திருக்கிறது என்று சொல்லி, இந்த முறை பெடியனை வாசல் வரை அழைத்துச் சென்று காதில் ஓதி அனுப்பினார். பிறகு பனங்கட்டியோடு பிளேன்டீ வந்தது. "உங்கட லேண்ட்மாஸ்டர் இப்ப எப்படி ஓடுது?" என்று கேட்டாரே, அங்கேதான் கதை திரும்பியது. அந்த உழவு இயந்திரத்தின் பட்டி அறுந்தது, மாற்றுச் சாமான் வாங்கத் திருகோணமலைக்கு இரண்டு முறை அலைந்தது, கடைசியில் பிழையான அளவைக் கொடுத்து ஏமாற்றியது என்று நம்மவர் பேசத் தொடங்கினார். பேசப் பேச குரல் உயர்ந்தது, கோபம் மச்சானை விட்டுப் பட்டிக் கடைக்காரன் மேல் திரும்பியது. மஃரிப் தொழுகைக்கு நேரமானது. நானா கிருமிநாசினி அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கல்லாப்பெட்டியைத் திறந்தபடியே விட்டு, "அண்ணன், நான் தொழுதிட்டு வாறன், கடையைப் பார்த்துக்கொள்ளுங்க" என்று போய்விட்டார். மருமகன் வந்து சேர்ந்தபோது மாமனார் முதலாளியின் கதிரையில் அமர்ந்து யாருக்கோ இரண்டு கிலோ யூரியா நிறுத்துக்கொண்டிருந்தாராம். அடுத்த நாள் தானாகவே மருமகனோடு சிகிச்சைக்குப் போனார். இன்றும் மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறார். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உரை தெரியாது.

நானா ஒரு பின்னேரம் செய்ததை அரசு நாடு முழுவதற்கும் செய்தது. 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டில் மிகக் கொடிய கிருமிநாசினிகளும், 1998இல் எண்டோசல்பானும், பின்னர் படிப்படியாகப் பரகுவாட் என்ற களைநாசினியும் தடை செய்யப்பட்டன. பத்து ஆண்டுகளில் விகிதம் பாதியாகியது. மக்களின் மனம் திடீரெனத் திருந்தவில்லை, வறுமையும் போரும் நீங்கவில்லை. பதற்றத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது அகற்றப்பட்டது, அவ்வளவே. உயிர் விடுவது தனிமனிதனின் உரிமை என்று வாதிடுவோர் இந்தக் கணக்கை எனக்கு விளக்க வேண்டும். உயிர் விட முயன்றவரைத் தண்டிக்கும் பிரிவும் 1998இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன் எத்தனை குடும்பங்கள் பொலிஸுக்குப் பயந்து பொய்க் காரணம் சொல்லின என்பதை மருந்தறையில் நின்றவர்கள் அறிவார்கள்.

ஆகவே பதறுகிறவருடைய கையை ஓர் இரவு பிடித்து நிறுத்தும் உரிமை நமக்கு உண்டு என்பதே என் நிலைப்பாடு. எழும் கேள்வி அடுத்தது: பிடித்த கையை எப்போது விடுவது? மருத்துவத்தின் வரலாறு இங்கே பெருமைக்குரியதல்ல. 1935இல் போர்த்துக்கேய வைத்தியர் எகாஸ் மோனிஸ் மூளையின் முன்பகுதி நரம்புத் தொடர்புகளைத் துண்டிக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். 1949இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். அமைதியடைந்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் பலர் ஆளுமையையே இழந்திருந்தார்கள். கணித மேதை அலன் டூரிங் ஓர் ஆணை நேசித்த குற்றத்துக்காக 1952இல் தண்டிக்கப்பட்டு, சிறைக்கு மாற்றாக ஹோர்மோன் ஊசி ஏற்க வேண்டியதாயிற்று. 1954இல் அவர் இறந்தபோது மரண விசாரணை அதைத் தற்கொலை என்றது. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களுக்கு மனநோய்ப் பட்டம் சூட்டி மருந்தேற்றினார்கள். மருந்தே இல்லாத கட்டுதலும் உண்டு: 2001 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள்.

இதைக் கேட்டு யாரும் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டாம். நம் சனம் "கரண்ட் பிடிக்கிறது" என்று நடுங்கும் மின்வலிப்புச் சிகிச்சை 1938இல் ரோமில் தொடங்கியபோது இருந்த நிலை வேறு, மயக்கமருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துச் செய்யும் இன்றைய நிலை வேறு. உண்ணவும் பேசவும் மறுத்துக் கிடந்தவர்கள் அதனால் எழுந்து நடந்ததை நானே கண்டிருக்கிறேன். லித்தியம் என்ற மனநோய் மருந்து பலரை மரணத்தின் விளிம்பிலிருந்து மீட்டிருக்கிறது. நான் எதிர்ப்பது சிகிச்சையை அல்ல, கேட்காமல் செய்வதை.

ஒரு வைத்தியசாலையில், பெயர் வேண்டாம், இருபது வயதுப் பிள்ளை ஒருவனைக் கட்டிலில் கட்டி ஊசி போட்டிருந்தார்கள். தாய் கையில் சிங்களத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவம். கையொப்பமிட்டிருந்தார். "என்ன எழுதியிருக்கு ஐயா?" என்று என்னிடம் கேட்டார், கையொப்பம் காய்ந்த பிறகு. கட்டு எப்போது போடப்பட்டது, எப்போது அவிழ்க்கப்படும் என்று எந்தத் தாளிலும் இல்லை. பையனின் மணிக்கட்டில் துணி அழுத்திய தடம் நீலமாக இருந்தது. தாதியரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் நின்றால் அவர்களுக்கும் பதற்றம்தான், அங்கேயும் காரியம் சிதறத்தான் செய்யும்.

இதற்கெல்லாம் நம் நாட்டில் அடிப்படையாக இருப்பது 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம், நோயாளியை அடைத்து வைப்பதையே முதல் வேலையாகக் கருதி எழுதப்பட்டது. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. இந்தியா 2017இல் புதிய சட்டம் இயற்றி, சங்கிலியிடுவதையும் மயக்கமருந்தின்றி மின்சிகிச்சை கொடுப்பதையும் தடை செய்தது. நாம் இன்னும் வரைவுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான்காவது விடயத்தைப் பேச நேரமில்லை என்று தலைவர் மணியைத் தொட்டுக் காட்டுகிறார். கருணைக் கொலையை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்வோம். அருட்தந்தையும் மௌலவியும் அன்றைக்கு என்னைச் சும்மா விடப்போவதில்லை. மாணவர்கள் ஓர் இலக்கத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 1926, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவிச் சேவை. உங்களுக்கோ நண்பருக்கோ மனம் தாங்காத இரவு வந்தால் அழையுங்கள்.

வாசலில் எங்கள் மனுவை வைத்திருக்கிறோம். மூன்றே கோரிக்கைகள். ஒப்புதல் படிவம் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும், கட்டுப்போட்ட நேரமும் அவிழ்த்த நேரமும் எழுதப்பட வேண்டும், விருப்பத்துக்கு மாறாகத் தடுத்து வைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் சுயாதீனமான சபையொன்றிடம் முறையிடும் வழி இருக்க வேண்டும். தமிழில் ஒரு தாள், சிங்களத்தில் ஒரு தாள். படித்துப் பாருங்கள், கேள்வி இருந்தால் நான் மேசையடியில் நிற்பேன். அவசரப்பட்டு யாரும் கையொப்பமிட வேண்டாம். பெயருக்கு எதிரே உங்கள் கிராம சேவகர் பிரிவையும் எழுதிவிடுங்கள், போன முறை அது இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வணக்கம்.