பராக்குச் சோறும் போன் சோறும்

[காட்சி: தரையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தை. எதிரே சொம்பில் சாய்த்து வைத்த செல்போன்.]

பருப்புச் சாதத்தை உருட்டி அம்மா நீட்டுகிறார். குழந்தையின் கண் போனை விட்டு நகரவில்லை. வாய் மட்டும் தானாகத் திறக்கிறது. பத்து நிமிடத்தில் கிண்ணம் காலி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஊட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல இதைப் பேசவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தைக்கு எது கிடைக்காமல் போகிறது என்று பார்ப்போம்.

[காட்சி: வயிற்றிலிருந்து மூளைக்கு ஓடும் கோடு.]

வயிறு விரியும்போது அங்குள்ள நரம்புகள் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் சேர்ந்து ‘போதும்’ என்கின்றன. இது முழுதாகப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். கைக்குழந்தைக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வயிறு நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போன் ஓடும்போது அந்தச் சேதியைக் கவனிக்க ஆளில்லை. நிதானம், பொறுமை என்று பின்னாளில் நாம் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பதெல்லாம் தன் உடம்பு சொல்வதைக் கேட்பதில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

‘அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டவில்லையா?’ ஊட்டினோம். பராக்குக் காட்டாமல் வளர்ந்த பிள்ளை நம் ஊரில் யார்? ஆனால் அங்கே பேசுகிறவர் அம்மா. குழந்தை காக்காயைப் பார்க்கும், திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும், ‘கா’ என்று சொல்லிப் பார்க்கும். தலையை ஆட்டி மறுத்தால் அம்மாவுக்குப் புரியும். போனில் ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்துவிடும்.

[காட்சி: எழுத்தில் வழிகாட்டுதல்.]

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதாகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் குறைந்தால் நல்லது.

சரி, எப்படி நிறுத்துவது? ஒரே ஒரு வேளையில் தொடங்குங்கள். ராத்திரிச் சாப்பாடு வசதி. அப்பாவின் போனும் உள்ளறைக்குப் போகட்டும், சீரியலும் நிற்கட்டும். எல்லோரோடும் உட்கார வைத்து, தட்டில் கொஞ்சமாக வையுங்கள், தானே அள்ளட்டும். பாதி சிந்தும்; கீழே பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் அழும், குறைவாகச் சாப்பிடும். அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடலாம். மிரட்ட வேண்டாம், பதிலுக்கு பிஸ்கட்டும் கொடுக்க வேண்டாம். அடுத்த வேளை பசியோடு வரும். பாட்டிக்கு மனசு கேட்காது, அதனால் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எடை குறைந்தாலோ குழந்தை சோர்ந்து போனாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.