ரிக்கி லாம்பர்ட்: லிவர்பூல் விட்ட பையன், லிவர்பூலுக்கே திரும்பிப் போன கதை

அடுத்த கேள்வி. ஒரு தம்பி எழுதியிருக்கார். "அண்ணா, போன வீடியோவுல வயசான பிறகு மேல வந்த ஸ்ட்ரைக்கர்ஸ் (முன்னாடி நின்னு கோல் அடிக்கிறவங்க) பத்திப் பேசும்போது இங்கிலாந்து ஆட்டக்காரர் ரிக்கி லாம்பர்ட் பேரை மட்டும் சொல்லிட்டுத் தாண்டிட்டீங்க. அவர் பீட்ரூட் ஃபேக்டரியில வேலை பார்த்தாருங்கிறது உண்மையா? சின்ன வயசுல லிவர்பூல் அவரை வெளிய அனுப்பினது தப்புதானே? அப்புறம் அதே லிவர்பூலுக்கு 32 வயசுல போனாரே, அங்க ஏன் கோல் வரல?" இதான் கேள்வி. மூணு கேள்வி, ஆனா மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. அதனால சேர்த்தே சொல்றேன்.

பீட்ரூட் ஃபேக்டரி உண்மைதான் தம்பி. லாம்பர்ட் 1982-ல கெர்க்பியில பிறந்தவர். லிவர்பூலை ஒட்டியிருக்கிற ஊர். 10 வயசுல இருந்து லிவர்பூல் கிளப்ல பயிற்சி. சின்ன வயசுல இருந்தே அந்த கிளப்போட ரசிகரும்கூட. 15 வயசுல, நீ வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. கொஞ்ச நாள்லயே அந்த கிளப்போட புது அகாடமி திறந்துச்சு. எங்க தெரியுமா? கெர்க்பியிலயேதான். தன்னோட சொந்த ஊர்ல, தன்னை வேண்டாம்னு சொன்ன கிளப்போட மைதானம். ஒரு 16 வயசுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அங்கிருந்து பிளாக்பூல் போறார். சீனியர் டீம்ல மூணு லீக் மேட்ச் கிடைக்குது, அவ்வளவுதான். 2000-ல அவங்களும் அனுப்பிட்டாங்க. அப்போ வயசு 18. கிளப் கிடையாது, சம்பளம் கிடையாது. மேக்கிள்ஸ்ஃபீல்டுன்னு நாலாவது டிவிஷன் கிளப் (பிரீமியர் லீக்தான் முதல் டிவிஷன், அங்கிருந்து கீழ எண்ணினா நாலாவது), அங்க போய்க் காசு வாங்காமலே பயிற்சி பண்றார். கைச்செலவுக்குத்தான் அந்த ஃபேக்டரி வேலை. பீட்ரூட் பாட்டிலுக்கு மூடி போடுறது. ஒரு நாளைக்கு 20 பவுண்ட். 2001-ல மேக்கிள்ஸ்ஃபீல்ட் காண்ட்ராக்ட் குடுத்த பிறகுதான் அந்த வேலையை விட்டார்.

பொதுவா இந்த இடத்துல கதையை நிறுத்திட்டு, "விடாமுயற்சி"ன்னு பெரிய எழுத்துல போட்டு, நேரா இங்கிலாந்து டீம் ஜெர்ஸிக்குத் தாவிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நடுவுல எட்டு வருஷம் இருக்கு. அந்த எட்டு வருஷத்தைச் சொல்லாம இவரைப் புரிஞ்சுக்க முடியாது.

2002-ல ஸ்டாக்போர்ட் கவுன்டி 3 லட்சம் பவுண்ட் குடுத்து வாங்குறாங்க. அந்த மட்டத்துல அது பெரிய தொகை. ஆனா அங்க மிட்ஃபீல்ட், ஃபார்வர்ட்னு மாத்தி மாத்தி ஆட வைக்கிறாங்க. ஒரு இடத்துல நிலையா நிக்க விடல. 2005-ல ராச்டேலுக்குப் போறார். திரும்பவும் நாலாவது டிவிஷன். வயசு 23. அதாவது நாலு வருஷத்துக்கு முன்னாடி எந்த மட்டத்துல ஆரம்பிச்சாரோ, அங்கேயே வந்து நிக்கிறார். 2006-ல பிரிஸ்டல் ரோவர்ஸ் அவரை வாங்கினப்போ விலை 2 லட்சம் பவுண்ட். 20 வயசுல இருந்த விலையைவிட 24 வயசுல விலை குறைஞ்சிருக்கு. வெளியில இருந்து பார்த்தா இறங்குமுகம்தான்.

ஆனா ராச்டேல்ல ஒரு விஷயம் நடந்துச்சு. அதைச் சொல்லாம என்னால போக முடியாது. அங்க அவரோட ஜோடி போட்டு முன்னாடி ஆடினவர் கிராண்ட் ஹோல்ட். அவரும் இதே மாதிரி அடிபட்டு வந்தவர்தான். வொர்க்கிங்டன், ஹாலிஃபாக்ஸ், பாரோன்னு சுத்தினவர், நடுவுல சிங்கப்பூர் வரைக்கும் வந்து செங்காங் மரைன் டீமுக்கு ஆடியிருக்கார். நாலாவது டிவிஷன்ல, ஸ்பாட்லேண்டுங்கிற சின்ன மைதானத்துல, இந்த ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நின்னாங்க. பின்னாடி 2011-12 சீசன்ல ஹோல்ட் நாரிச்சுக்காகப் பிரீமியர் லீக்ல 15 கோல். அதுக்கு அடுத்த சீசன்ல லாம்பர்ட் சவுத்தாம்ப்டனுக்காக அதே பிரீமியர் லீக்ல 15 கோல். யோசிச்சுப் பாருங்க. பிரீமியர் லீக்ல ஒரு சீசனுக்கு 15 அடிக்கக்கூடிய ரெண்டு பேர் ஒரே நேரத்துல ராச்டேல்ல இருந்திருக்காங்க. மேல இருக்கிற எந்த கிளப்போட ஸ்கவுட்டும் கையை நீட்டித் தூக்கல.

பிரிஸ்டல் ரோவர்ஸ்ல முதல் சீசன் சுமார்தான். கோல் அதிகம் இல்ல. ஆனா அந்த சீசன் முடிவுல டீம் வெம்ப்ளியில பிளே-ஆஃப் (மேல ஏற மிச்சமிருக்கிற ஒரு இடத்துக்கு நடக்குற போட்டி) ஜெயிச்சு மூணாவது டிவிஷனுக்கு ஏறுது. அப்புறம்தான் இவரும் சூடு பிடிக்கிறார். 2008 பிப்ரவரியில எஃப்.ஏ. கப்ல தங்களைவிட மேல் டிவிஷன்ல இருந்த சவுத்தாம்ப்டனை ரோவர்ஸ் 1-0ன்னு வெளிய தள்ளினாங்க. அந்த ஒரே கோல் லாம்பர்ட் அடிச்ச ஃப்ரீ கிக். 2008-09-ல லீக் ஒன்ல, அதாவது அந்த மூணாவது டிவிஷன்ல, 29 கோல், அந்த டிவிஷன்லயே அதிகம் அடிச்சவங்கள்ல ஒருத்தர்.

இப்போ சவுத்தாம்ப்டன் பக்கம் வாங்க. 2009-ல அந்த கிளப் கடன்ல மூழ்கி நிர்வாகம் கைமாறுற நிலைமை. மூணாவது டிவிஷனுக்கு இறங்கிட்டாங்க. அடுத்த சீசனை மைனஸ் 10 புள்ளியில ஆரம்பிக்கணும்னு தண்டனை வேற. மார்க்கஸ் லீபெர் வந்து கிளப்பை வாங்கிக் காப்பாத்துறார். ஆலன் பார்டியூ மேனேஜர். ஆகஸ்ட்ல சுமார் 10 லட்சம் பவுண்ட் குடுத்து லாம்பர்ட்டை எடுக்குறாங்க. வயசு 27.

வந்த கொஞ்ச நாள்ல பார்டியூ அவரைக் கூப்பிட்டு, உன் உடம்பு இருக்கிற நிலை சரியில்ல, எடை அதிகம், இதோட மேல போக முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார். இதை லாம்பர்ட்டே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். 29 கோல் அடிச்சுட்டு வந்த ஆள்கிட்ட இதைச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். கேட்டுக்கிறதுக்கு அதைவிட தைரியம் வேணும். அவர் கேட்டார். எக்ஸ்ட்ரா பயிற்சி, சாப்பாட்டு முறை, எல்லாத்தையும் மாத்தினார். என்னைக் கேட்டா அவர் வாழ்க்கையோட திருப்பம் பீட்ரூட் ஃபேக்டரி இல்ல, இந்தப் பேச்சுதான். அதுவரைக்கும் திறமை மட்டும் இருந்துச்சு. அந்தத் திறமையை 90 நிமிஷம் தாங்குற உடம்பு அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

அந்த சீசன்ல லீக்ல மட்டும் 30 கோல். வெம்ப்ளியில கார்லைலை 4-1ன்னு ஜெயிச்சு ஒரு கோப்பையும் தூக்கினாங்க, அதுல ஒரு பெனால்டி இவருது. லீக்ல 73 புள்ளியோட ஏழாவது இடம். பிளே-ஆஃபோட கடைசி இடத்தைப் பிடிச்ச ஹடர்ஸ்ஃபீல்ட் 80 புள்ளி. அந்த 10 புள்ளி தண்டனை இல்லேன்னா அந்த வருஷமே மேல ஏற ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். பரவாயில்ல, 2011-ல ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்கு ஏறினாங்க. 2012-ல அங்கிருந்து பிரீமியர் லீக்குக்கும் ஏறினாங்க. அந்த சாம்பியன்ஷிப் சீசன்ல லாம்பர்ட் 27 கோல்.

2012 ஆகஸ்ட், பிரீமியர் லீக்ல முதல் மேட்ச், எதிர்ல அப்போதைய சாம்பியன் மான்செஸ்டர் சிட்டி, அவங்க மைதானத்துலயே. 30 வயசு ஆள் பெஞ்ச்ல இருந்து இறங்கி, சமன் பண்ற கோலை அடிக்கிறார். 3-2ன்னு தோத்தாங்க, ஆனா இவரால இந்த மட்டத்துல ஆட முடியுமாங்கிற சந்தேகம் அன்னைக்கே போயிடுச்சு. சீசன் முடியும்போது 15 கோல். அந்த வருஷம் ஃபிராங்க் லாம்பார்டும் 15. இங்கிலாந்துக்காரங்கள்ல அந்த ரெண்டு பேரைவிட அதிகமா யாரும் அடிக்கல.

பெனால்டி பத்தித் தனியா சொல்லணும். சவுத்தாம்ப்டனுக்காக 34 பெனால்டி எடுத்தார், 34 தடவையும் கோல். ஒண்ணுகூடத் தவறல. ஓடி வந்து பலமா, சுத்தமா அடிப்பார். கீப்பரை ஏமாத்துற வித்தை எல்லாம் பெருசா கிடையாது.

2013 ஆகஸ்ட்ல, மூணாவது குழந்தை பிறந்த அதே நாள்ல இங்கிலாந்து டீம்ல இருந்து அழைப்பு. ஆகஸ்ட் 14, வெம்ப்ளி, எதிர்ல ஸ்காட்லாந்து, ஸ்கோர் 2-2. வெய்ன் ரூனிக்குப் பதிலா இறங்கி மூணு நிமிஷம்கூட ஆகல. லெய்ட்டன் பெய்ன்ஸ் கார்னர் போடுறார், இவர் எகிறி ஹெட்டர். முதல் டச், கோல். இங்கிலாந்து 3-2. 31 வயசுல சர்வதேச அறிமுகம். நான் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த கோல்ல எனக்குக் கண்ணு கலங்கும். அதை மறைக்க விரும்பல.

சரி, லிவர்பூல். 2014 ஜூன் ஆரம்பத்துல 40 லட்சம் பவுண்டுக்குப் போறார். அப்போ லிவர்பூல் லீக்ல ரெண்டாவதா முடிச்ச டீம். லூயிஸ் சுவாரெஸ் 31 கோல், டேனியல் ஸ்டர்ரிட்ஜ் 21 கோல். இந்த ரெண்டு பேருக்கும் பின்னாடி, மூணாவது ஆளா, தேவைப்பட்டா கடைசி 20 நிமிஷம் இறங்குறதுக்குத்தான் லாம்பர்ட்டை வாங்கினாங்க. அது நியாயமான திட்டம்தான். ஆனா அந்த வருஷ உலகக் கோப்பையில சுவாரெஸ் இத்தாலி டிஃபெண்டர் கெல்லினியைக் கடிச்சார், தடை வந்துச்சு, ஜூலையில பார்சிலோனாவுக்குப் போயிட்டார். செப்டம்பர்ல ஸ்டர்ரிட்ஜுக்குக் காயம். மூணாவது ஆளா வந்தவர் மேல முதல் ஆளோட பாரம் விழுது. மரியோ பலோட்டெல்லியையும் வாங்கினாங்க, அவருக்கும் சரியா அமையல. அந்த சீசன் லிவர்பூல் ஆறாவது.

இதுல ஆட்ட முறையும் இருக்கு. லாம்பர்ட் என்னைக்குமே வேகமான ஆள் கிடையாது. சவுத்தாம்ப்டன்ல பந்து முதல்ல அவர்கிட்டதான் வரும். அவர் முதுகைக் குடுத்து டிஃபெண்டரைத் தாங்கிக்கிட்டு, பந்தை நிறுத்தி, ஓடி வர்றவங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பார். கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற பெரியவர் மாதிரி, எல்லாருக்கும் இலையில விழுந்துச்சான்னு பார்த்துட்டுத்தான் தனக்கு. 2013-14-ல 13 கோல் அடிச்சவர், கூடவே 10 கோலுக்கு பாஸும் குடுத்திருக்கார். லிவர்பூல் அப்படி ஆடின டீம் இல்ல. டிஃபென்ஸுக்குப் பின்னாடி இருக்கிற இடத்துக்கு வேகமா ஓடுற ஆளுங்களுக்காகக் கட்டின ஆட்டம் அது. அதே ஆட்டத்துல இவரை நிக்க வச்சா பந்தும் இவரும் வேற வேற இடத்துல இருந்தாங்க. 36 மேட்ச், 3 கோல். கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரா மேட்ச் ஆரம்பிச்ச உடனேயே ஒண்ணு அடிச்சார். பாஸ் குடுத்தது ஆடம் லல்லானா, அவரும் சவுத்தாம்ப்டன்ல இருந்து வந்தவர்தான். அந்த மேட்சும் 3-1ன்னு தோல்வி.

அவர் போயிருக்கக் கூடாதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 15 வயசுல உன்னை அனுப்பின உன் சொந்த கிளப், 32 வயசுல உன்னைக் காசு குடுத்துக் கூப்பிடுது. சொந்த ஊர்ல ஜனங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க. இதை வேண்டாம்னு சொல்லச் சொல்றது எந்த நியாயம்? அதுக்கப்புறம் வெஸ்ட் பிராம், கார்டிஃப், ரெண்டு இடத்துலயும் பெருசா ஒண்ணும் இல்ல. 2017 அக்டோபர்ல ஓய்வு.

கடைசியா, 15 வயசுல லிவர்பூல் பண்ணது தப்பாங்கிற கேள்வி. வேகம் பத்தாதுன்னு அவங்க பார்த்தது பொய் இல்ல தம்பி. 15 வயசுலயும் அவர் வேகமில்ல, 32 வயசுலயும் வேகமில்ல. அவங்களுக்குத் தெரியாம போனது வேற. அந்தப் பையனோட டச், பார்வை, பந்தை அடிக்கிற சுத்தம், இதெல்லாம் பெரியவங்களோட ஆடி ஆடி எவ்வளவு வளரும்ங்கிறது யாராலயும் அன்னைக்குச் சொல்லியிருக்க முடியாது. அது வளர்றதுக்கு அவருக்குத் தேவைப்பட்டது மேட்ச். இங்கிலாந்துல மேல இருக்கிற நாலு டிவிஷன்ல மட்டும் 92 கிளப். நாலாவது டிவிஷன்லயும் சனிக்கிழமை ஆனா ஆயிரக்கணக்குல ஜனம் டிக்கெட் வாங்கி வரும், ஆடுறவங்களுக்குச் சம்பளம் உண்டு. மேக்கிள்ஸ்ஃபீல்டும் ராச்டேலும் இல்லாத ஒரு நாட்டுல லாம்பர்ட் இன்னமும் அந்த ஃபேக்டரியிலயே இருந்திருப்பார், எவ்வளவு விடாமுயற்சி இருந்தாலும். அதனாலதான் இன்னைக்குக் கீழ் டிவிஷன் கிளப்புங்க பணமில்லாமத் தடுமாறும்போது எனக்குக் கவலையா இருக்கு. மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் 2020-ல கடன்லயே மூடிட்டாங்க. லாம்பர்ட்டுக்கு ரெண்டாவது வாய்ப்பு குடுத்த அதே கிளப். அப்புறம் புது உரிமையாளர் வந்து, வேற பேர்ல, ரொம்பக் கீழ் மட்டத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க.

சரி, அடுத்த கேள்வி ஆஃப்சைட் பத்தி வந்திருக்கு, அதைப் பார்ப்போம்.