கப்பலுக்கு வைக்கலாம், குழந்தைக்குக் கூடாது: ஸ்வெத்லானா என்ற பெயரின் கதை

அவையோருக்கு வணக்கம். ரஷ்யப் பெண் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்றால் நம்மில் பலர் வாயில் சட்டென்று வருவது ஸ்வெத்லானா. கேட்டால் ஆயிரம் வருடப் பழமை இருக்கும் போலத் தோன்றும். ஆனால் இது ஒரு கவிஞர் 1802-இல் உட்கார்ந்து உருவாக்கிய பெயர்.

அவர் அலெக்சாந்தர் வஸ்தோக்கவ். ‘ஸ்வெத்’ என்றால் ஒளி. அதிலிருந்து தன் கதைப்பாட்டின் நாயகிக்குப் பழைய ஸ்லாவிய வாடை வீசும்படி ஒரு பெயர் செய்தார். மனிதர் பின்னாளில் பெரிய மொழியறிஞர் ஆனவர்; செய்நேர்த்திக்குக் கேட்கவா வேண்டும்! பிறப்பால் பால்டிக் ஜெர்மானியர், குடும்பப் பெயர் ஓஸ்டெனெக். ‘ஓஸ்ட்’ என்றால் கிழக்கு. ரஷ்ய மொழியில் அது ‘வஸ்தோக்’. ஆக, தனக்கும் ஒரு பெயர் செய்துகொண்டவர்தான்.

ஆனாலும் பெயரைப் பரப்பியவர் வேறொருவர். கவிஞர் வசீலி ஜுக்கோவ்ஸ்கி 1813-இல் வெளியிட்ட ‘ஸ்வெத்லானா’ என்ற கதைப்பாடல் அப்படிப் பிரபலமானது. ஜனவரி மாதம் வரும் கிறிஸ்தவப் பண்டிகையான திருக்காட்சித் திருநாளுக்கு முந்தின இரவு. பெண்கள் வரப்போகும் கணவன் யாரென்று ஜோசியக் குறி பார்க்கிறார்கள். காலணியைக் கழற்றி வாசலுக்கு வெளியே வீசுகிறார்கள். ஸ்வெத்லானா மட்டும் மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் வைத்து, இருவருக்குச் சாப்பாட்டு மேசை போட்டுத் தனியே காத்திருக்கிறாள். காதலன் பிணமாக வருவதாகக் கொடுங்கனவு. விழித்தால் உயிரோடு வந்து நிற்கிறான்! நண்பர்கள் குழுவில் ஜுக்கோவ்ஸ்கிக்கே ‘ஸ்வெத்லானா’ என்று பட்டப்பெயர் விழுந்தது.

சரி, பெயர் பிடித்துவிட்டது, மகளுக்கு வைக்கலாமா? முடியாது. ஞானஸ்நானத்தில் புனிதர் பட்டியலிலுள்ள பெயரைத்தான் பாதிரியார் சூட்டுவார். இதுவோ அதில் இல்லை. அதனால் வீட்டுக்கு ஸ்வெத்லானா, ஏட்டில் வேறு பெயர். பலருக்கு ஃபோத்தினியா கைகொடுத்தது. அது கிரேக்கப் பெயர், அதற்கும் ஒளி என்றுதான் பொருள். வேடிக்கை என்னவென்றால், ஜாரின் கடற்படைக்கு இந்தத் தடையே கிடையாது. ஸ்வெத்லானா என்ற போர்க்கப்பல் 1905-இல் ஜப்பானுடன் நடந்த சுஷிமா கடற்போரில் மூழ்கியது.

1917 புரட்சிக்குப் பின் பெயர்ப் பதிவு பாதிரியார் கையைவிட்டு அரசு அலுவலகத்துக்குப் போனது. தடை போயிற்று. 1926-இல் ஸ்டாலின் தன் மகளுக்கு இதே பெயரை வைத்தார். அப்புறம் சோவியத் நாடெங்கும் ஸ்வெத்லானாக்கள்தான். 1984-இல் விண்வெளியில் நடந்த முதல் பெண் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா. 2015-இல் இலக்கிய நோபல் பெற்றவர் ஸ்வெத்லானா அலெக்சீவிச்.

ஸ்டாலின் மகளின் கதை நம் நாட்டையும் தொடுகிறது. கணவராகவே கருதிய இந்தியர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு இந்தியா வந்தவர், 1967 மார்ச்சில் டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் கேட்டார். கடைசிக் காலத்தில் அவர் லானா பீட்டர்ஸ். பெயரின் வால் மட்டும் மிஞ்சியது.

ரஷ்ய வீடுகளில் ஸ்வெத்லானாவைச் செல்லமாகக் கூப்பிடுவது ‘ஸ்வேத்தா’ என்று. நம் பக்கத்து ஸ்வேதாவுக்குச் சொந்தம்தான்: வடமொழியின் ‘ஸ்வேத’மும் ரஷ்ய ‘ஸ்வெத்’தும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்று வெண்மையாயிற்று, மற்றது ஒளியாயிற்று.