எண்ணி வாங்கிய தோட்டாக்கள்

தலைவர் அவர்களே, என்னை அன்போடு அழைத்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த வேட்டைக்கார அண்ணன்மார்களே, தள்ளாத வயதிலும் வந்திருக்கும் தோட்டாக் கடைப் பெரியவரே, உங்களுக்கு ஒரு தனி வணக்கம். இன்றைய பேச்சே உங்கள் மேசையைப் பற்றித்தான்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அந்தக் காலத்துத் தோட்டா, அதை விற்ற மனிதர்கள், அப்புறம் லைசென்ஸ் புத்தகம். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அம்பிலிருந்தே, அதாவது தோட்டாவிலிருந்தே, தொடங்குகிறேன்.

அப்போது தோட்டாவின் கூடு மெழுகு ஏற்றிய காகிதம், அடியில் பித்தளை. 25 தோட்டா கொண்ட அட்டைப்பெட்டியைத் திறந்ததும் வருமே ஒரு மெழுகு வாசனை! மழையில் நனைந்தால் ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையாது. 1960-இல் பிளாஸ்டிக் கூடு வந்தது, அந்தக் கவலை போனது, வாசனையும் போனது.

ஒருநாள் அப்பாவோடு உதிரியாக 12 போர் தோட்டா வாங்கப் போனேன். போர் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் தோட்டா ஒல்லி. கடைக்காரர், இதோ இந்தப் பெரியவர்தான், மேசையில் ஒவ்வொன்றாக விரலில் உருட்டி எண்ணுவார். ஒன்றில் கை நின்றது. "தம்பி, இது 20." அப்பாவுக்கு அவசரம், அவரோ விடவில்லை. சுவரிலிருந்து ஒரு 12 போர் துப்பாக்கியை இறக்கி மடித்தார், சுட்டுத் தீர்ந்த 20 போர் கூடு ஒன்றை உள்ளே போட்டார். வழுக்கிக்கொண்டு போய்க் குழலுக்குள் சிக்கி நின்றது. "பின்னாடி பாத்தா காலின்னு நெனச்சு 12-ஐப் போடுவீங்க. சுட்டா குழலே வெடிச்சுடும் சார்." அப்பா பேசவே இல்லை. பெரியவர் தொடர்ந்தார்: "எய்தவன நொந்தா மட்டும் போதாது, அம்பையும் பாக்கணும்." இன்றைக்கு 20 போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதே இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான்.

அந்த அம்பைத்தான் இன்றும் பார்க்கச் சொல்கிறேன். பறவை சுடும் ஒரு தோட்டாவுக்குள் பெரும்பாலும் 200-க்கு மேல் ஈய ரவை, அதாவது சின்னச் சின்ன ஈயக் குண்டு, இருக்கும். பறவையில் படாதவை எங்கே போகின்றன? குளத்துச் சேற்றில் கிடக்கின்றன. வாத்து அதைக் கல் என்று விழுங்குகிறது, இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் ஏறுகிறது, நாம் வீடு திரும்பிய பிறகும் அந்தக் குளத்தில் சாவு தொடர்கிறது. அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-லிருந்து நீர்நிலைகளில் தடை. எஃகு ரவை இருக்கிறது, இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் போதும். பழைய துப்பாக்கி தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், தாங்காதென்றால் பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை உண்டு.

லைசென்ஸ் புத்தகக் கதைக்கு நேரமில்லை, மன்னியுங்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். ஈயத்தை விடுகிறேன் என்று கையெழுத்திட்டு, வீட்டில் எத்தனை ஈயத் தோட்டா மிச்சம் என்று பக்கத்திலேயே எண்ணி எழுதுங்கள்.