அதிபரைக் கட்டிக்கொண்டால் விருதா?

நடுவர் அவர்களே, நாட்டுத் தலைவரின் துணைவருக்கு நாட்டின் உயரிய விருது தருவது நியாயமே என்று எதிரணித் தோழி அவ்வளவு உருக்கமாகப் பேசிவிட்டுப் போன பிறகு, எழுந்து நிற்கவே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தென்கொரியாவை உதாரணம் காட்டினார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

அங்கே முகுங்வா விருது என்று ஒன்று. முகுங்வா அவர்களின் நாட்டுப் பூ, நம்ம செம்பருத்திக்கு உறவு. இருக்கிற விருதுகளில் இதுதான் உச்சம். அதிபருக்கு உண்டு, அதிபரின் துணைவருக்கும் தரலாம், நட்பு நாட்டுத் தலைவருக்கும் அவர் துணைவருக்கும் தரலாம் என்று சட்டமே சொல்கிறது. சரி, அதே சட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். நட்பு நாட்டின் முன்னாள் தலைவருக்கோ அவர் மனைவிக்கோ தருவதாக இருந்தால் மட்டும், கொரியாவின் வளர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் கண்கூடாக ஏதாவது செய்திருக்க வேண்டுமாம். வெளியாளிடம் 'என்ன செய்தாய்' என்று கேட்கிற சட்டம் சொந்த வீட்டு அம்மாவிடம் வாயையே திறக்கவில்லை!

அப்புறம், கொடுப்பது யார்? 2013 பிப்ரவரியில் அப்போதைய அதிபர் லீ மியுங்-பாக் பதவி முடிய இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், அவருடைய அமைச்சரவையே கூடி அவருக்கும் அவர் மனைவிக்கும் விருது என்று முடிவு செய்தது. 2022 மே மாதம் அதிபர் மூன் ஜே-இன் பதவி முடிந்து கிளம்பும்போதும் அதே கதை. தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்வதை எந்த ஊரில் மரியாதை என்பார்கள்? (நடுவில் வந்த பார்க் கியூன்-ஹே திருமணம் ஆகாதவர், அந்த முறை ஒரு பதக்கச் செலவு மிச்சம்.)

சம்பளமே இல்லாமல் ஐந்து வருடம் உழைக்கிறார்களே என்றார் தோழி. உண்மைதான். சம்பளம் இல்லாதது குறையென்றால் சம்பளம் கொடுங்கள், பதக்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

அமெரிக்காவின் பெட்டி ஃபோர்டைப் பாருங்கள். 1974இல் கணவர் அதிபராகிச் சில வாரங்களிலேயே அவருக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை. வெளியே சொல்லவே கூசிய அந்தக் காலத்தில் அவர் மறைக்கவில்லை, அதைக் கேட்டு எத்தனையோ பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள். பிறகு தன் குடிப்பழக்கத்தையும் மாத்திரைப் பழக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, 1982இல் அதற்கென்றே ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அந்த நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது 1991இல், கணவர் பதவியை விட்டு 14 வருடம் கழித்து, வேறொரு அதிபர் கையால்.

நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வெளிநாட்டு முன்னாள் தலைவரின் மனைவிக்கு வைத்த நிபந்தனையை உள்ளூர் அதிபரின் மனைவிக்கும் வையுங்கள், கொடுப்பதா வேண்டாமா என்பதை அடுத்து வருகிற ஆட்சியிடம் விடுங்கள். அதிலும் தேறி வந்தால் முதல் கைதட்டல் என்னுடையது. மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.