புகையடுப்பும் மேல்காற்றும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுப் புறவாசலில் டிரம்மை வெட்டிக் கரிப் புகையடுப்பு செய்து வைத்திருப்பவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, கோழி வெளியே கருகுது, உள்ளே வேகலை, என்ன செய்ய?" கரியை மாற்றியிருப்பார்கள், மசாலாவை மாற்றியிருப்பார்கள். கோளாறு அதில் இல்லை. அடுப்புக்குள் போகும் காற்று அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை. வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

அனலில் வாட்டுவதற்கு 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். புகையில் வேகவைக்க 105 முதல் 120 டிகிரி போதும். அந்தச் சூட்டில் நின்று வெந்தால்தான் ஆட்டுத் தொடையிலுள்ள சவ்வு இளகிக் கறி மெத்தென்று வரும். அதற்கு ஐந்தாறு மணி நேரம் சூடு ஒரே அளவில் இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு கரி கிடந்தாலும், கிடைக்கிற காற்றுக்குத் தக்கபடிதான் எரியும். ஆகவே முதல் வேலை, ஓட்டையை அடைப்பது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். அடுப்பு நன்றாக எரியும்போது, ஊதுபத்தியைக் கதவு இடுக்கு, போல்ட் துளை, வெல்டிங் இணைப்பு எல்லாவற்றையும் ஒட்டி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கே ஓட்டை. கீழ்ப் பாதியில் இருக்கும் ஓட்டைதான் ஆபத்து. அது நேராகத் தீக்கு மூச்சுக் கொடுக்கும். மூடியோரம் கொஞ்சம் புகை வெளியேறினால் பெரிய கெடுதல் இல்லை. கதவைச் சுற்றிக் கண்ணாடியிழைக் கயிறு பதிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அவசரத்துக்கு, தம் பிரியாணிக்குச் செய்வதுபோல மைதா மாவைப் பிசைந்து அப்பினாலும் அன்றைய சமையல் ஒப்பேறிவிடும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பாய்ந்து வரும் மேல்காற்று, கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, உங்கள் அடுப்பை மட்டும் விட்டுவிடுமா? அடுப்பின் அடியில் தீக்குக் காற்று போகும் துளை மேற்கே பார்த்திருந்தால், அதை முக்கால்வாசி மூடினாலும் தீ சீறும். துளையைக் கிழக்குப் பக்கம் மாற்றுங்கள். அதில் ஒரு எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) வைத்துக் குழாயை மேல்நோக்கி ஒரு முழம் ஏற்றி, நுனியில் பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் அடைப்பான்) மாட்டினால் குனியாமலே காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். எம்.எஸ். குழாயே, அதாவது பூச்சில்லாத சாதா இரும்புக் குழாயே போடுங்கள். ஜி.ஐ. குழாயில் இருப்பது துத்தநாகப் பூச்சு. தீக்கு அருகே சூடேறினால் அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். மேற்கே நாலடி தள்ளி ஒரு தகரத் தட்டியும் நிறுத்திவிட்டால் நல்லது.

மேலேயுள்ள புகைபோக்கியை மட்டும் மூடாதீர்கள். புகை உள்ளேயே தங்கட்டும் என்று பலர் அதை அடைக்கிறார்கள். தங்கிய புகை கறியில் பிசினாகப் படிந்து கசக்கும். மேலே திறந்தே இருக்கட்டும், கட்டுப்பாடு கீழே இருக்கட்டும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வருவது நல்ல புகை அல்ல. லேசாக நீலம் ஓடிய, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான புகை வந்த பிறகு கறியை வையுங்கள்.

அடுத்தது கரிக்கூடை. ஜாலித் தகட்டை (துளைகள் உள்ள இரும்புத் தகட்டை) வளைத்துச் செய்து, அடியில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் சாம்பல் கீழே உதிர்ந்துவிடும், காற்று தடைபடாது. விளாத்திகுளம், சாயல்குடிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக் கருவேலங்கரி இதற்கு அருமையானது. சிரட்டைக் கரி சுள்ளென்று எரியும்; இந்த வேலைக்கு அது எனக்குப் பிடிப்பதில்லை. கூடை நிறையப் பற்றாத கரியைக் கொட்டி, நடுவில் ஒரு கை கனிந்த கங்கு வைத்தால் அது மெல்ல மெல்லப் பக்கத்துக்குப் பரவும். நடுவில் திறந்து கரி போடுகிற வேலையே இருக்காது.

தீக்கும் கறிக்கும் நடுவே காருகுறிச்சி மண்சட்டி ஒன்றில் தண்ணீர் வையுங்கள். நேரடி அனலைச் சட்டி தடுக்கும், தண்ணீர் சூட்டை ஏறவிடாமல் இழுத்துப் பிடிக்கும். சட்டியைத் தீ மூட்டுவதற்கு முன்பே உள்ளே வைத்துவிட வேண்டும். சூடேறிய அடுப்புக்குள் பச்சைத் தண்ணீரோடு வைத்தால் விரிசல் விடும்.

வெப்பமானியை மூடியில் மாட்டாமல், கறி வைக்கும் கம்பித் தட்டின் மட்டத்தில் துளை போட்டு மாட்டுங்கள். மாட்டும் முன் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள், 100 காட்ட வேண்டும். கோழி வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. குத்துகிற வெப்பமானி தொடையின் நடுவில் 74 டிகிரி காட்டினால் இறக்கலாம்.

வாசத்துக்கு நன்றாகக் காய்ந்த கொய்யா, மாங்கட்டை இரண்டு துண்டு போதும். வேம்பு கசக்கும். அரளி விஷம், அதன் குச்சியைக்கூடக் கிட்டே கொண்டுவரக் கூடாது.

புதிதாக டிரம் வாங்குகிறவர்களுக்கு: சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். பெட்ரோலோ தின்னரோ இருந்த டிரம்மில் கட்டிங் மெஷின் வைத்தால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். பட்டறைக்காரர்கள் அதற்குப் பயப்படுவது சும்மா இல்லை. உள்பூச்சு இருந்தால் விறகுத் தீ மூட்டி முழுவதும் எரித்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். மழைச்சாரல் என்று அடுப்பை வீட்டுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ நகர்த்தாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

சமையல் முடிந்ததும் கீழ் வால்வு, புகைபோக்கி இரண்டையும் இறுக மூடுங்கள். ஓட்டையில்லாத அடுப்பில் தீ தானாக அணையும், மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். சாம்பலை மட்டும் மறுநாள் அள்ளுங்கள், உள்ளே கங்கு உயிரோடு கிடக்கும். வணக்கம்.