உறுமி கேட்ட காதுகளுக்குச் சில ஆல்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முன்பு கேசட் கடை வைத்திருந்தவர் என்றால் ஊரில் பலருக்கு அடையாளம் தெரியும். கேசட் போய் சிடி வந்தது, பிறகு சிடியும் போனது. இப்போது அதே கடையில் கைப்பேசி உறை விற்கிறேன். இண்டி, ஹிப்ஹாப், மெட்டல் ஆகிய மூன்றிலிருந்தும் அதிகம் பேர் கேட்காத ஆல்பங்கள் சிலவற்றைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் உறை வாங்க வந்தவர் மெல்ல நழுவிவிடுவார். வானொலியில் நீங்கள் நழுவினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

இந்த இசையெல்லாம் நமக்கு ஆகாது என்று சொல்பவர்கள் ஊரில் இரண்டு தரப்பு. பிள்ளை கெட்டுப்போவான் என்று அஞ்சுபவர்கள் ஒரு தரப்பு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2001 வாக்கில் மெட்டலின் ஒரு வகையான பிளாக் மெட்டல் பற்றி மலேசியா முழுவதும் எழுந்த பதற்றம் அவர்களுக்கு நினைவிருக்கும். கறுப்புச் சட்டையும் நீண்ட முடியும் இருந்தாலே சந்தேகமாகப் பார்த்த காலம் அது. இன்னொரு தரப்பு, இது வெறும் இரைச்சல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள். அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

தைப்பூசம் நெருங்கும்போது நம் ஊர்ப் பக்கம் மாலை நேரத்தில் என்ன கேட்கிறது? உறுமிக் குழுக்களின் பயிற்சி. உறுமியின் ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழுகிற முனகலைப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். காதுக்கு எட்டுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் அதிரும். அதன் மேல் மேளங்கள் சேர்ந்து வேகம் பிடிக்கும்போது நடுவில் நிற்பவருக்கு அருள் வருகிறது, தொண்டையிலிருந்து மனிதக் குரல் போலவே இல்லாத ஒரு குரல் வருகிறது. தோட்டத்து லயத்து வாசலில் குழந்தையாக நின்று இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மெட்டல் எந்த விதத்தில் அந்நியம்? தாழ்ந்த சுருதியில் உறுமுகிற கித்தார், இடைவிடாத தாளம், அடித்தொண்டைக் குரல். பழக்கப்பட்ட பொருள்கள்தாம்.

அதனால் முதலில் ஒரு மெட்டல் ஆல்பத்தையே சொல்கிறேன். ருத்ரா என்ற குழு சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கியது. மெட்டலிலேயே கடுமையான டெத் மெட்டல் வகையில் சிங்கப்பூர் இந்தியர்கள் சேர்ந்து அமைத்த குழு. தங்கள் இசைக்கு அவர்கள் வேத மெட்டல் என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டுப் பஜனை என்று நினைத்துவிடாதீர்கள். தாழ்ந்த சுருதிக்கென்றே உள்ள பேஸ் கித்தாரை வாசித்துக்கொண்டே பாடும் கதிர் வேதாந்தக் கருத்துகளை ஆங்கிலத்தில் உறுமுகிறார், நடுநடுவே சமஸ்கிருத சுலோகங்கள் வருகின்றன. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் பிரம்மவித்யா என்ற தலைப்பில் மூன்று ஆல்பங்கள் தொடராக வந்தன. அவற்றில் முதலாவதான ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் ஐ’ ஆல்பத்தில் தொடங்குங்கள்.

இதைக் கடையில் ஒருநாள் ஒலிக்கவிட்டிருந்தேன். உறுமிக் குழுவில் மேளம் அடிக்கும் தம்பி ஒருவன் சார்ஜர் வாங்க வந்தவன், வாங்கிய பிறகும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் அந்தத் தாளத்தைப் பிடிக்கப் பார்த்தான். பிடித்தான், தவறவிட்டான், மறுபடி பிடித்தான். “இந்த அடியில் கால் தனியாக ஓடுகிறது அண்ணே, இரண்டு காலாலும் மிதிக்கிறாரா?” என்று கேட்டான். ஆமாம், இரண்டு மிதிகள். மெட்டல் டிரம்மர்கள் பெரிய முரசை இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதிப்பார்கள், கைகள் மேலே வேறு கணக்கில் போகும். பாடகர் கத்துவதைப் பற்றி அந்தத் தம்பி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மெட்டலைக் காலிலிருந்து மேல்நோக்கிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. குரலில் தொடங்கினால் பத்தில் எட்டுப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள்.

உறுமி பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர் லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரால் ‘அருளர்’ என்றும், 2007-இல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயரால் ‘கலா’ என்றும் தலைப்பு வைத்தார். அமெரிக்க விசா சிக்கலால் அங்கே போய்ப் பதிவு செய்ய முடியாமல் ஊர் ஊராகச் சுற்றிப் பதிவு செய்த ஆல்பம் ‘கலா’. சென்னையிலும் பதிவு நடந்தது. அதில் ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலைப் போடுங்கள். நம் உறுமி அப்படியே வருகிறது, கூடவே சிறுவர்களின் கூச்சலும். மேலைநாட்டில் புகழ்பெற்ற ஆல்பம்தான். நம் வட்டாரத்தில் ரஹ்மான் இசையில் ஒரு படத்துக்குப் பாடியவர் என்ற அளவோடு அவரை நிறுத்திவிட்டோம் என்பதால் இங்கே சேர்க்கிறேன்.

சொல்லிசைக்கு, அதாவது ஹிப்ஹாப்புக்கு வருவோம். யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் தந்த ‘வல்லவன்’ ஆல்பத்தை இந்த நாட்டில் எந்தத் தமிழருக்கும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ‘மடை திறந்து’ ஒலிக்காத காலம் ஒன்று இருந்ததா என்ன! ஆனால் அதே யோகி பி அதற்கு முன்பே பொயட்டிக் அம்மோ என்ற குழுவில் இருந்தார். பாய்ண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ ஆகியோர் உடன் இருந்தார்கள். 1998-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’. ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று நான்கு மொழிகள் ஒரே ஆல்பத்தில். ஈப்போவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் காதில் விழுகிற அதே நான்கு மொழிகள்! இளைய தலைமுறையில் ‘வல்லவன்’ மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்கூட இதை முழுதாகக் கேட்டதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒலிப்பதிவு இன்றைய காதுக்கு மெலிந்து கேட்கலாம். துணிச்சல் மெலியவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால் 2021-இல் வெளியிட்ட ‘மேட் இன் ஜாஃப்னா’வையும் குறித்துக்கொள்ளுங்கள். யாஞ்சன் என்ற மிருதங்கக் கலைஞரோடு சேர்ந்து, மிருதங்கத்தை மட்டும் துணையாக வைத்து இவர் சொல்லிசை செய்த காணொளிகளும் இருக்கின்றன. ஆல்பத்துக்கு முன்பு அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. சொல்லும் அடியும் ஒன்றையொன்று துரத்துவது கண்ணுக்கே தெரியும்.

ஹிப்ஹாப்பில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் நமக்கு எந்த உறவும் இல்லாதவர். கா என்று பெயர். நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் பகுதிக்காரர். பகலில் பார்த்த வேலை தீயணைப்புத் துறையில், கேப்டன் பதவி வரை உயர்ந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று மீட்புப் பணிக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். ஓய்வு நேரத்தில் தாமே எழுதி, பெரும்பாலும் தாமே இசையமைத்து, தம் சொந்தச் செலவில் ஆல்பம் வெளியிட்டார். புதிய ஆல்பம் வந்தால் தெருமுனையில் தாமே நின்று கையில் கொடுத்து விற்பார். நாற்பதை ஒட்டிய வயதில் வந்த ‘கிரீஃப் பெடிக்ரீ’ ஆல்பம்தான், 2012-இல், அவரைக் கவனிக்க வைத்தது. சொல்லிசை இளைஞர்களின் ஆட்டம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

‘ஆனர் கில்டு த சாமுராய்’ 2016-இல் வந்தது. இதில் முரசடி அநேகமாகக் கிடையாது. தேய்ந்த பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த சிறு இசைத் துண்டு ஒன்று சுற்றிச் சுற்றி வரும், அதன் மேல் இந்த மனிதர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுவது போல அடுக்கிக்கொண்டே போவார். தாளம் இல்லாத சொல்லிசையா என்று கேட்பீர்கள். தாளம் சொற்களுக்குள் இருக்கிறது. எதுகையை வரியின் கடைசியில் மட்டும் வைக்காமல் வரிக்குள்ளேயே மூன்று நான்கு இடங்களில் மடித்து வைக்கிறார், வெண்பா படித்தவர்கள் இதை ரசிப்பார்கள். முதல் தடவை கேட்டபோது பாதியில் நிறுத்தி, பாட்டு வரிகளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். அப்படிக் கேட்பதே சரியான வழி என்று இப்போதும் நினைக்கிறேன். 2024 அக்டோபரில், 52 வயதில் காலமானார். அந்த ஆண்டிலேயே கடைசி ஆல்பம் ஒன்றையும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இனி இண்டி. பெரிய நிறுவனங்களின் கையை எதிர்பார்க்காமல் வெளிவந்த இசை என்று தொடங்கிய பெயர், இப்போது அதற்கு எல்லையே இல்லை. இங்கே நான் எதிர்த்திசையில் போகப்போகிறேன், இரைச்சலே இல்லாத இடத்துக்கு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தைச் சேர்ந்த யங் மார்பிள் ஜயன்ட்ஸ் 1980-இல் வெளிவந்த ‘கொலோசல் யூத்’ என்ற ஒரே ஓர் ஆல்பத்தை ஐந்து நாள்களில் பதிவு செய்துவிட்டுப் பிரிந்துபோனார்கள். பங்க் இசை கத்தித் தீர்த்துக்கொண்டிருந்த காலம். இவர்களோ இரண்டு சகோதரர்களும் ஒரு பெண்ணுமாக, டிரம்மர்கூட இல்லாமல், கேசட்டில் பதிந்து வைத்த தாளக் கருவியின் டிக் டிக் ஓசையை வைத்துக்கொண்டு பாடினார்கள். கித்தார் கம்பியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, ஒலி எழுந்ததும் அணைந்துவிடும்படி வாசிக்கிறார் அண்ணன். தம்பியின் பேஸ் கித்தார்தான் பல இடங்களில் மெட்டையே சுமக்கிறது. அலிசன் ஸ்டாட்டன் பாடும் விதத்தில் எந்த அலங்காரமும் இல்லை, பாத்திரம் கழுவும்போது தனக்குள் பாடிக்கொள்கிற குரல். நிர்வாணா என்ற ராக் குழுவின் கர்ட் கோபெய்ன் தமக்கு மிகவும் பிடித்த ஆல்பங்களில் இதையும் எழுதி வைத்திருந்தார். அவ்வளவு ஓசை எழுப்பியவர் இவ்வளவு மெல்லிய இசையை நேசித்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இதே அமைதி பிடித்திருந்தால் ஜெர்மனியைச் சேர்ந்த சிபில் பையரின் ‘கலர் கிரீன்’ கேட்கலாம். 1970-க்கும் 1973-க்கும் இடையில் வீட்டிலேயே டேப்பில் பாடிப் பதிந்தவை. வெளியிடவில்லை. குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். பிற்காலத்தில் மகன் அவற்றைத் தொகுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க, அது கை மாறிக் கை மாறி 2006-இல்தான் ஆல்பமாக வெளிவந்தது. நம் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போன பெண்கள் எத்தனை தாலாட்டும் ஒப்பாரியும் பாடியிருப்பார்கள்! டேப் வைத்திருந்த மகன் எத்தனை பேருக்கு வாய்த்தான்?

சரவாக்கின் அலெனா முராங் 2021-இல் வெளியிட்ட ‘ஸ்கை சாங்ஸ்’ நம் நாட்டு ஆல்பம். முன்பு ஆண்கள் மட்டுமே வாசித்து வந்த சாப்பே என்ற நரம்புக் கருவியை இவர் வாசித்துக்கொண்டு கெலாபிட் மொழியில் பாடுகிறார். மொழி புரியாது. புரியாத மொழியில் இந்திப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

நேரம் குறைவாக இருப்பதால் மெட்டலில் இன்னும் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஜாவாவின் காருட் வட்டாரத்தில் பள்ளி நாளிலேயே சேர்ந்த மூன்று பெண்களின் குழு வாய்ஸ் ஆஃப் பசெப்ரோட், ஆல்பம் ‘ரெட்டாஸ்’, 2023. வேகமான இசை, முதல் தடவை கேட்பவர்களுக்கு எளிது. எளிதே இல்லாத ஒன்று வேண்டுமானால் அமெரிக்காவின் பெல் விட்ச், ‘மிரர் ரீப்பர்’, 2017. ஒரே பாட்டு, 83 நிமிடம். சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி ஈப்போவில் ஒரு வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் மிச்சம் இருக்கும். வழக்கமான கித்தாரே கிடையாது, பேஸ் கித்தாரும் டிரம்மும் ஆர்கனும்தான். 2016-இல் இறந்துபோன தங்கள் முன்னாள் டிரம்மருக்கு அவர்கள் செய்த அஞ்சலி அது, அவர் முன்பு பாடிப் பதிந்திருந்த குரலையும் நடுவில் சேர்த்திருக்கிறார்கள். துக்க வீட்டுக்குப் போய் வந்த இரவில் கேட்டேன். மற்ற நாள்களில் அதை நான் எடுப்பதில்லை.

பெரும்பாலானவை யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் கிடைக்கும். ஒரு வேண்டுகோள், வரிசையைக் குலைத்து ஓடவிடாதீர்கள், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை விடுங்கள். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கித்தார் கேட்கவே கேட்காது. காதொலிக் கருவி பத்து வெள்ளிக்குக்கூடக் கிடைக்கிறது, என் கடையிலும் இருக்கிறது.

இப்போது தொழில்நுட்பத் தம்பி ‘கொலோசல் யூத்’ ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடப்போகிறார். ருத்ரா போடலாமா என்று கேட்டேன், அடுத்தது பக்திப் பாடல் நேரம் என்று சொல்லிவிட்டார். ஒலி மிகவும் மெல்லியது நேயர்களே, மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.